மணம்: இல்லை

மார்ச் 6

214 பூத்துவிட்டது. காலையில் வரப்பில் நின்று பார்த்தேன். வெப்பமானியில் இரவின் குறைந்த அளவு 24. பங்குனி பிறக்கவில்லை, அதற்குள் இப்படி.

214 தவமணியின் நெல். சீரகச் சம்பாவோடு ராமநாதபுரத்துக் காட்டு நெல் ஒன்றை ஒட்டி, பிறந்ததை மறுபடி மறுபடி சீரகச் சம்பாவோடே சேர்த்து, பதினான்கு வருடமாகப் பொறுக்கி எடுத்தது. சீரகச் சம்பா தை மாதப் பனியில் முற்றினால் ஊரையே கூப்பிடும். பங்குனி வெயிலில் முற்றினால் வெறும் அரிசி. மணக்கும் குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் நெல்லில் நிற்கும். நின்றாலும், மணி பால் பிடிக்கும் நாட்களில் இரவு சூடாக இருந்தால் அது வெளியே வராமல் போய்விடும். 214 சூட்டிலும் மணக்கும் என்கிறார் தவமணி. அதைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றே தாமதமாக நட்டு, வெயிலில் முற்றவிடுகிறோம்.

வயலில் வாசனை இல்லை. மணக்கிற ரகம் பூக்கும்போது வரப்பில் நின்றாலே தெரியும். இது சும்மா நிற்கிறது.

வேதவல்லி எனக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருக்கிறாள். பொத்தான் ஓட்டைகள் சின்னவை. போட்டு முடிக்க நேரமாகிறது.

மார்ச் 9

25. காற்று இல்லை.

மார்ச் 17

தவமணி மத்தியானம் வயலுக்கு வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை மடக்காமலே ஒரு கதிரை இழுத்து முகர்ந்தார்.

"என்ன மூர்த்தி, எப்படி இருக்கா என் பொண்ணு?"

"வெயில் ஏறிடுச்சு. காலையில பாத்தாதான் தெரியும்" என்றேன்.

"எனக்குக் கம்பி வேலிகிட்ட வரும்போதே வந்துச்சே."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நானும் அவரும் ஒரே வருடம் இந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர்கள். அவர் ரகங்களை உருவாக்குகிற பிரிவு, நான் அரிசியின் தரம் பார்க்கிற பிரிவு. மே முப்பத்தொன்றில் ஓய்வு பெறுகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தரங்கம்பாடியில் அக்கா தனியாக இருக்கிறார், அங்கே போகப் போகிறார்.

"அதுக்குள்ள இவளைக் கரையேத்திட்டேன்னா போதும். கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவேன்" என்றார்.

மார்ச் 28

வேதவல்லி பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

"ஏங்க, தூக்கத்துல யாரோட சண்டை போடுறீங்க? கைய ஓங்கி என் தோள்ல அடிக்கிறீங்க. கத்துறீங்க."

எனக்கு எதுவும் நினைவில்லை. இந்த வருடக் கமிட்டி வேலை தலையில் உட்கார்ந்திருக்கிறது, அதுவாக இருக்கும். நடக்கும்போது இடது கை ஆடுவதே இல்லை என்றும் சொன்னாள். முப்பது வருடம் அந்தக் கையில் பை தூக்கியிருக்கிறேன்.

இரவுச் சூடு 26. மணி பால் பிடிக்கிற வாரம் இதுதான்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வேதவல்லி வேப்பம்பூப் பச்சடி வைத்தாள். கசப்பு நாக்கில் இருந்தது, மற்றது ஒன்றும் இல்லை. மாங்காய் பிஞ்சாகப் போட்டுவிட்டாள் போல. சொன்னால் கோபித்துக்கொண்டாள். புனேயிலிருந்து இளம்பரிதி போன் செய்தான். "அப்பா, ஏன் குரல் இவ்வளவு மெல்லமா வருது?" என்றான். லைன் சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 21

அறுவடை. தவமணி அறுத்த நெல் தாள்களைக் கையாலேயே கட்டினார். சுகர்காரர், வெயிலில் நிற்க வேண்டாம் என்றால் கேட்பதில்லை. கணக்குப் பிரிவுப் பெண் என் பயணப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "சார், எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கீங்க, படிக்க முடியல." பேனா மாற்ற வேண்டும்.

மே 4

அரைத்துப் பார்த்தாயிற்று. 214 நூற்றுக்கு ஐம்பத்தெட்டு முழு அரிசியாக நிற்கிறது. வெயிலில் முற்றிய நெல் ஆலையில் நொறுங்கும், அரிசியின் வயிற்றில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை விழும். இதில் வெள்ளை வயிறு குறைவு. நல்ல அரிசிதான். நாளை மறுநாள் மணம் பார்க்க வேண்டும்.

மே 6

மணம் பார்த்தோம். ஐந்து பேர். கண்ணாடிக் குழாய்களில் அரிசியைப் போட்டு, காரக் கரைசல் ஊற்றி மூடிவைத்து, சற்றுப் பொறுத்துத் திறந்து முகர வேண்டும். எந்தக் குழாயில் எது என்று யாருக்கும் தெரியாது. அது எழுதிய தாள் ஒட்டிய உறையில் இருக்கும், மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் பிரிப்போம். ஐவரில் ரிஸ்வானாவும் ஒருத்தி. அவள் என் பிரிவில் ஆராய்ச்சி மாணவி, நாகூர்ப் பெண்.

இந்த நிலையத்தில் என்னை 'மூக்கு' என்று கூப்பிடுவார்கள். போன வருடச் சேமிப்பா, இந்த வருட அரிசியா என்று மூட்டையைப் பிரித்ததும் சொல்வேன். ஆகவே முதல் ஆளாக முகர்வது எப்போதும் நான்தான்.

ஒன்று முதல் ஒன்பது வரை திறந்தேன். ஒன்றிலும் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரவுச் சூடு அத்தனையையும் துடைத்துவிட்டது. தவமணியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியுமா?

மே 7

ரிஸ்வானா மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து மேசை அருகில் நின்றாள். போகவில்லை.

"சார், உறையைப் பிரிச்சுப் பாத்தேன். ஏழாம் குழாய் 214 இல்ல. ஒப்பிட்டுப் பாக்க வச்ச சீரகச் சம்பா. தை மாசம் அறுத்தது. அதுக்கும் நீங்க பூஜ்யம் போட்டிருக்கீங்க."

"மத்தவங்க?"

"மூணுக்கு ஒண்ணரை, ரெண்டு... அந்த மாதிரி."

"அவங்களும் நிறைய போடலையே. சேமிப்புல மணம் போயிருக்கும். டப்பா மூடி சரியில்ல, நான் அப்பவே சொன்னேன்."

அவள் தாளை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "மூடி நல்லாத்தான் சார் இருந்துச்சு."

சின்னப் பெண். அனுபவம் வரவர இதெல்லாம் புரியும்.

மே 14

ரகத் தேர்வுக் கமிட்டி கூடியது. படிவத்தில் 'மணம்' என்ற இடத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவமணி எதிரே உட்கார்ந்திருந்தார். மேசைக்கு மேல் குனிந்து கேட்டார்.

"மூர்த்தி, ஒண்ணுமே இல்லையா? லேசாக்கூட?"

"இல்ல மேடம்."

வழக்கமாக நான் அவரை மேடம் என்று சொல்வதில்லை.

கோயம்புத்தூருக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம், கருவி முடிவு வரும்வரை பொறுக்கலாம் என்று தவமணி கேட்டார். இயக்குநர் சிரித்தார். "மூர்த்தி சார் மூக்குக்கு மேல என்னங்க கருவி?" எல்லாரும் சிரித்தார்கள். 214 தள்ளுபடி. மணம் இல்லாவிட்டால் அது வெறும் இன்னொரு சன்ன ரகம், அதுபோல் ஏற்கெனவே பத்து இருக்கிறது.

தவமணி தம் காகிதங்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மே 20

என் அறையில்தான் மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். பல வருடப் பழக்கம். முந்தாநாளிலிருந்து யாரும் வருவதில்லை. ரிஸ்வானாவும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே புங்க மரத்தடிக்குப் போகிறாள். எல்லாரும் தவமணி பக்கம் போல. போகட்டும். உண்மையைச் சொன்னவன் தனியாகச் சாப்பிடுவது உலகத்தில் புதிதில்லை.

மே 22

இன்றும் தனியாக. கத்திரிக்காய்க் கூட்டு. ருசி இல்லை.

மே 27

காலையில் நான் போனபோது என் அறையின் அலமாரியைச் செல்லப்பா நகர்த்திக்கொண்டிருந்தான். அலுவலக உதவியாளன். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தான். அலமாரிக்குப் பின்னாலிருந்து முறத்தில் ஒரு பெருச்சாளியை வாரி எடுத்தான். ஊதிப் போய், புழு வைத்திருந்தது.

வராண்டாவில் நின்றவர்கள் பின்னால் போனார்கள். யாரோ ஓங்கரித்தார்கள். ரிஸ்வானா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆயிருக்கும் சார்" என்றான் செல்லப்பா. "இதுக்குள்ள உக்காந்து எப்படி சார் சோறு தின்னீங்க?"

நான் ரிஸ்வானாவைப் பார்த்தேன்.

"நாத்தம் தாங்காமத்தான் சார் வெளியில உக்காந்தோம். உங்களைக் கூப்பிடப் பயமா இருந்துச்சு. கமிட்டி முடிஞ்சதுலேர்ந்து நீங்க கோவமா இருக்கீங்கன்னு..."

முறத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குனிந்தேன். செல்லப்பா "சார், சார்" என்றான். முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

ஒன்றும் இல்லை.

மே 28

பெருங்காயம்: இல்லை. கற்பூரம்: மூக்கில் ஒரு குளிர்ச்சி மட்டும். பினாயில்: இல்லை. காபித்தூள்: இல்லை. வேதவல்லி அடுப்படியில் திரும்பி நின்றபோது அவள் தலையில் இருந்த பூவுக்கு அருகில் போனேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

சளியாக இருக்கும்.

மே 29

சளி இல்லை.

மே 31

தவமணிக்கு வழியனுப்பு விழா. சால்வை, குத்துவிளக்கு, பேச்சு. நானும் பேசினேன். சேர்ந்த முதல் வாரம் இருவரும் சேற்றில் பஸ்ஸைத் தள்ளிய கதையைச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். தவமணியும் தட்டினார்.

வண்டியில் சாமான் ஏறும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "உடம்பைப் பாத்துக்குங்க மூர்த்தி, இளைச்சுட்டீங்க" என்றார். சரி என்றேன். வண்டி போய்விட்டது.

கருவி முடிவு வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 18

கோயம்புத்தூரிலிருந்து முடிவு வந்தது. ரிஸ்வானா தாளை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். படித்தேன்.

தை மாதச் சீரகச் சம்பாவில் மணம் முழுதாக இருக்கிறது. டப்பா மூடி சரியாகத்தான் இருந்திருக்கிறது. வெயிலில் முற்றிய சீரகச் சம்பாவில் கால் பங்குதான் மிச்சம். வெயிலில் முற்றிய 214இல் முக்கால் பங்கு நிற்கிறது.

தவமணி சொன்னது அத்தனையும் சரி.

"நீ முகர்ந்தப்ப உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது சார்."

"அப்ப ஏன் ஒண்ணரை போட்ட?"

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்கதான் சார் முதல்ல பாத்தீங்க. ஒவ்வொரு குழாயையும் மூடிட்டுத் தலைய ஆட்டுனீங்க. நாங்க நாலு பேரும் உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் மார்க் போட்டோம். எனக்கு மூணு போடணும்னுதான் இருந்துச்சு. என் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

ஜூன் 23

இயக்குநரிடம் எழுத்தாகக் கொடுத்தேன். எனக்கு மோப்ப சக்தி இல்லை, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, மே மாதம் நான் போட்ட மதிப்பெண் செல்லாது.

அவர் இரண்டு முறை படித்தார். "இதை இப்ப எதுக்கு சார் கிளப்புறீங்க? அந்தம்மாவும் போயாச்சு."

"நெல் போகலையே சார்."

கடைசியில் ஒத்துக்கொண்டார். இன்னொரு வருடம் தாமத நடவு. புதுக் குழு முகரும். நான் அதில் இல்லை. இந்த வருட வெளியீட்டில் சேர்க்க முடியாது, அது முடிந்த கதை.

வேதவல்லியிடம் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, "பச்சடியில மாங்காய் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு என் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

ஜூலை 3

தஞ்சாவூர். நரம்பு டாக்டர். மூக்கு டாக்டர்தான் அங்கே அனுப்பினார். இவர் நடக்கச் சொன்னார், திரும்பி வரச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நாலு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிட்டது. ஒரு வரி எழுதச் சொன்னார். 'இன்று தஞ்சாவூர் வந்தோம்' என்று எழுதினேன். முதல் சொல் சரியாக இருந்தது, கடைசிச் சொல்லை எனக்கே படிக்க முடியவில்லை.

"தூக்கத்துல கத்துவாரா? கை கால் வீசுவாரா?"

வேதவல்லி தலையாட்டினாள்.

நடுக்குவாதம். நடுக்கம் இனிமேல்தான் வரும். மோப்பம் போவது பல வருடம் முந்தியே நடந்துவிடுமாம், ஆளுக்குத் தெரியாமலே.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்க பெரியப்பா? அவருக்குக் கை ஆடிக்கிட்டே இருக்குமே" என்றாள் வேதவல்லி.

"அப்ப என் பையனுக்கும் வருமா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் பரம்பரையா வர்றதில்ல. சில குடும்பத்துல வழியா வரும். வந்தாலும் அது மட்டும் முடிவு பண்றதில்ல சார். வாழ்ற இடம், படுற பாடு, எல்லாம் சேரணும்."

முப்பது வருடமாக நெல்லைப் பற்றி நான் பிறருக்குச் சொல்லி வந்ததை ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். தலையாட்டினேன்.

பஸ்ஸில் வேதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

ஜூலை 5

மாத்திரை காலை, மதியம், இரவு. குமட்டல்.

ஜூலை 13

தரங்கம்பாடி போனேன். வேதவல்லி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

தவமணி வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே கூட்டிப்போய் அக்காவுக்கு அறிமுகம் செய்தார். காபி வந்தது. நான் கருவி முடிவை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரல் முக்கால் பங்கு என்ற எண்ணின் மேல் நின்றது. அதைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "அப்ப நீங்க ஏன்..."

சொன்னேன். மூக்கு, பெருச்சாளி, தஞ்சாவூர், எல்லாவற்றையும். அவருடைய அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

தவமணி காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எப்போ தெரியும்? பெருச்சாளி எப்போ?"

"மே இருபத்தேழு."

"முப்பத்தொண்ணுல நீங்க பஸ்ஸு தள்ளுன கதை சொன்னீங்க."

"ஆமா."

"அப்பவே தெரியும்."

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "வியாதிக்கு நான் என்ன சொல்ல முடியும் மூர்த்தி? கர்த்தர் உங்களைக் காப்பாத்தட்டும், நான் ஜெபம் பண்றேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒம்போது குழாயிலயும் ஒண்ணுமே வரலைன்னா, ஒம்போதும் கெட்டுப்போச்சுன்னு எப்படி நெனச்சீங்க? 'எனக்குத் தெரியல'ன்னு எழுதியிருக்கலாமே. 'மணம் இல்ல'ன்னு எழுதினீங்க."

எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் பதில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னொரு வருடச் சோதனை உண்டு என்றேன். தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டு வரை வரவில்லை. வாசலில் நின்று, "படி இருக்கு, பாத்து" என்றார்.

செப்டம்பர் 2

எழுதுவதற்கு எதுவும் இல்லை. எழுத்தும் வரவில்லை.

ஜனவரி 11

214 நட்டோம். நான் வரப்பில் நின்றேன். சேற்றில் இறங்க ரிஸ்வானா விடவில்லை. இடது கையில் நடுக்கம் வந்துவிட்டது. சட்டைப் பைக்குள் கையை வைத்துக்கொள்கிறேன். இளம்பரிதி பொங்கலுக்கு வந்தால் மறைக்க முடியாது என்கிறாள் வேதவல்லி.

ஜனவரி 16

இளம்பரிதி பார்த்தான். ஊருக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பொத்தானை அவனே போட்டுவிட்டான்.

மார்ச் 15

பூத்துவிட்டது. ரிஸ்வானா வரப்பில் நின்று மூச்சை இழுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் போதும்.

இரவுச் சூடு 27.

மார்ச் 22

28. போன வருடம் இதே வாரம் 25தான். வெப்பமானி தவறோ என்று இன்னொன்று வைத்தோம். அதுவும் 28.

மார்ச் 29

28. வானம் மூடியே இருக்கிறது, ராத்திரி சூடு தரையை விட்டுப் போகவில்லை. மணிக்குள் பால் இறுகுகிற நேரம். ரிஸ்வானா தினமும் காலையில் அளவைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். தவமணி போனில் கேட்டார். "கொஞ்சம் சூடுதான்" என்றேன். பிறகு மனம் கேட்கவில்லை, திரும்பக் கூப்பிட்டு "இருபத்தெட்டு" என்றேன். அவர் "ம்" என்றார்.

ஏப்ரல் 26

அறுவடை முடிந்தது. உமியை நகத்தால் கீறிப் பார்த்தேன். அரிசியின் வயிறு வெள்ளையாக இருந்தது. அடுத்த மணி, அதுவும். இன்னொன்றும் கீறினேன். அதற்குப் பிறகு கீறவில்லை.

மே 9

புதுக் குழு இன்று மணம் பார்த்தது. தவமணி தரங்கம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சொந்த ரகம், ஆகவே அவர் உள்ளே போகக் கூடாது. நானும் போகக் கூடாது. இருவரும் வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது.

ஜூலைக்குப் பிறகு நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் கை மடியில் கிடந்து ஆடியது. பைக்குள் வைக்கப் போனேன். "வெளியவே வைங்க, பரவால்ல" என்றார்.

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றார். மீன் விலை சொன்னார். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். உள்ளே குழாய்கள் இடிபடும் சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினார்.

ரிஸ்வானா வெளியே வந்தாள். ஓடி வந்து தவமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு பேரும் மேடம். அஞ்சு பேரும் தனித்தனியா உக்காந்து முகர்ந்தாங்க. அஞ்சு பேருமே மூணுக்கு ரெண்டரைக்கு மேல."

தவமணி அவள் தலையில் கை வைத்தார். பிறகு, "மில் என்ன சொல்லுது?" என்று கேட்டார். பதினான்கு வருடம் இதில் கிடந்தவர், அதைக் கேட்காமல் இருப்பாரா?

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும். அரைத்துப் பார்க்கிற வேலை இன்னும் என்னுடையது. அதற்கு மூக்கு வேண்டாம்.

"நூத்துக்கு நாப்பத்தொண்ணுதான் முழுசா நிக்குது" என்றேன். "மிச்சம் நொய். வெள்ளை வயிறு பாதிக்கு மேல."

"போன வருஷம் அம்பத்தெட்டு."

"ஆமா. போன வருஷம் இந்தச் சூடு இல்ல."

"மணத்துக்குப் பாத்தேன்" என்றார் தவமணி. "மணத்தை மட்டும் விடாமப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். வயித்தைப் பாக்கல. அது அம்மாகிட்டேர்ந்து வந்த வயிறு. சீரகச் சம்பா வயிறு." பெஞ்சில் சாய்ந்தார். "நாப்பத்தொண்ணை எந்த மில்காரன் வாங்குவான்? கமிட்டி தள்ளிடும். தள்ளணும். நான் உள்ள இருந்தாலும் தள்ளுவேன்."

ரிஸ்வானா மெல்ல உள்ளே போய்விட்டாள்.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததை அவரே சொன்னார். "போன வருஷம் நீங்க மூணுன்னு போட்டிருந்தா இது வெளியில போயிருக்கும். இந்த வருஷம் ஜனங்க நட்டிருப்பாங்க. நொய்யா அள்ளியிருப்பாங்க. என் பேரைச் சொல்லித் திட்டியிருப்பாங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"அதை நீங்க எடுத்துக்காதீங்க மூர்த்தி" என்றார். "உங்களுக்குச் சமாதானம் ஆகட்டும்னு சொல்லல. நடந்ததைச் சொல்றேன். போன வருஷம் தள்ளுனது நீங்க. இந்த வருஷம் நெல்லு. நெல்லு சொன்னா நான் கேட்டுப்பேன்."

மத்தியானம் பஸ் இல்லை. வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. எழுந்தார். "அந்த நொய்யை என்ன பண்ணுவீங்க? மாட்டுக்குத்தானே? என்கிட்ட குடுங்க."

வேதவல்லி அதைக் கஞ்சி காய்ச்சினாள். தவமணி அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கிண்ணங்களை எடுத்து வைத்தேன். மூடியைத் திறந்ததும் வேதவல்லி, "அம்மாடி, வீடு பூரா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க வேதா" என்றார் தவமணி. "வீடு பூரா என்ன?"

"மணக்குது" என்றாள் வேதவல்லி, சின்னக் குரலில்.

தவமணி அன்று முழுவதும் அழவில்லை. அப்போது அழுதார். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. வேதவல்லி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பை அணைத்தேன்.

பிறகு மூவரும் மேசையில் உட்கார்ந்து குடித்தோம். எனக்கு வெறும் சூடு, உப்பு. தவமணி நிதானமாக, ஒவ்வொரு வாயையும் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். கிண்ணம் காலியானதும் இன்னும் கொஞ்சம் என்றார்.

வேதவல்லி எழுவதற்குள் நான் கரண்டியை எடுத்தேன். கை ஆடியது. பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி மேசையில் சிந்தி ஓடியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் துடைக்க எழுந்திருக்கவில்லை.